விருந்து வைக்காத மூன்று பேர்

"பணத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கக் கூடாது" என்றாள் சியா.

காரை நிறுத்திச் சாவியை உருவிக்கொண்டிருந்த நோனோய் திரும்பிப் பார்த்தான். "திருட்டுக் கேசுக்கு வந்திருக்கோமா, துக்கம் விசாரிக்க வந்திருக்கோமா, அக்கா? பணம் காணோம்னுதான கூப்பிட்டாங்க?"

"சாப்பாட்டைப் பத்திக் கேளு. உனக்கு அது சொல்லிக்கொடுக்காமலே வரும்."

உண்மை என்பதால் நோனோய் மறுத்துப் பேசவில்லை. ஜெர்சி சிட்டியில் அவன் வேலை பார்த்த எத்தனையோ இடங்களில் சியாவின் துப்பறியும் அலுவலகம் ஒன்றுதான் பசியோடு போனாலும் குற்றம் சொல்லாத இடம். கொன்சோர்சியா டும்லாவ் என்ற முழுப் பெயர் துப்பறியும் உரிமத்தில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவள் சியா அக்கா. ஐம்பதைத் தாண்டியவள். பாதி ஆயுளை இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் முதுகுவலிக்காரர்களைப் பின்தொடர்வதில் கழித்துவிட்டு, இப்போது சொந்த முழங்கால் வலியோடு சொந்தக் கடை நடத்துகிறாள். அவளுக்கு நடக்கத்தான் கஷ்டம். மற்றவர் பொய்யைப் பிடிக்க இன்னும் கஷ்டமில்லை.

எதிரே அர்துரோவின் பேக்கரி. சனிக்கிழமை மதியம், ரொட்டி வரிசை வாசலைத் தாண்டி நடைபாதைக்கு வந்திருந்தது. அர்துரோ ஒரு ஞானஸ்நான விருந்துக்குப் போயிருந்தான். திரும்பி வருவதற்குள் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும்.

கேஸ் இதுதான். சியாவைக் கூப்பிட்ட நிம்ஃபா மூன்று வருஷமாக அங்கே கேக் அலங்கரிக்கிறாள். அவளுக்கு நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டு அட்டை வாங்கித்தர முதலாளி அர்துரோதான் பொறுப்பேற்று விண்ணப்பித்திருந்தான். மார்ச்சில் பேக்கரிக்குள் ஒரு சீட்டு ஆரம்பித்தது. அர்துரோ நடத்த, வேலையாட்கள் நாலு பேரும் வாரா வாரம் கட்டினார்கள். மாதக் கடைசி வெள்ளியில் ஒருவருக்கு நாலாயிரம் டாலர். ஜூன் மாதம் நிம்ஃபாவின் முறை. அவள் போய்க் கை நீட்டியபோது அர்துரோ மாடி அறையில் மேஜை இழுப்பறையைத் திறந்து, தேடி, முகம் வெளுத்து, உறையைக் காணோம் என்றான். மறுநாள் பழி அவள் மேலேயே விழுந்தது. அன்று மாடிக்கு வந்தவள் அவள் ஒருத்திதானாம். முதலில் திருட்டுத்தனமாக எடுத்துக்கொண்டு, பிறகு ஒன்றும் தெரியாதவள் போல வந்து இரண்டாம் தரமும் கேட்கிறாளாம்.

திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டால் மன்னித்துவிடுவான். இல்லாவிட்டால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவான்.

அங்கேதான் நிம்ஃபாவின் உயிர் இருந்தது. பிலிப்பைன்ஸில், இலோய்லோவில் விட்டுவந்த மகள் ஜெரலினுக்கு இருபத்தொன்று ஆகப்போகிறது. இருபத்தொன்று முடிந்துவிட்டால் சட்டத்தின் கண்ணில் பிள்ளை பிள்ளையில்லை. தாய்க்கு அட்டை வந்தாலும் மகள் கூட வர முடியாது. அதற்குள் அட்டைக்கான முறை வந்துவிடும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். விண்ணப்பம் போனால் வேறு முதலாளியைத் தேடி, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மகள் அங்கேயே நின்றுபோவாள்.

"எனக்கென்னமோ அடுப்படி கவுதென்சியோ மேலதான் சந்தேகம்" என்றான் நோனோய். "புதுப் போன் வாங்கியிருக்கான்."

"நீ புதுச் செருப்பு வாங்கியிருக்க. உன்னைப் பிடிச்சு உள்ள போடட்டுமா?"

"தள்ளுபடியில வாங்கினதுக்கா அக்கா?"

கல்லாவில் லுடிவினா உட்கார்ந்திருந்தாள். சியாவைக் கண்டதும் முகம் மலர்ந்து, பின்னால் நிற்பவன் யார், எதற்கு வந்திருக்கிறார்கள் என்று நினைவு வந்ததும் வாடியது. சியா ஒரு டஜன் ரொட்டி கேட்டாள். பையில் போட்டுக்கொண்டிருக்கும்போதே நோனோய் கண்ணாடிப் பெட்டி மேல் சாய்ந்துகொண்டு பேச்சுக் கொடுத்தான்.

"ஏப்ரல்ல சீட்டு உங்களுக்குத்தான விழுந்துச்சு? விருந்துக்கு என்ன வாங்கிப் போட்டீங்க? நான் வராமப் போயிட்டேனே."

லுடிவினாவின் கை பையிலேயே நின்றது. "எங்க தம்பி. அப்போ எனக்கு உடம்பு சரியில்ல."

"ஒரு நூடுல்ஸாவது?"

"பார்சல் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் விட்டுப்போச்சு."

"நாலாயிரம் கையில வாங்கிட்டு ஒரு தட்டு நூடுல்ஸ் விட்டுப்போச்சுங்கறீங்க. எங்க அத்தை இருந்திருந்தா உங்களை நம்ம ஜாதியே இல்லன்னு சொல்லியிருப்பா."

வரிசையில் நின்ற ஒரு கிழவர் சிரித்தார். லுடிவினா சிரிக்கவில்லை. மீதிச் சில்லறையைத் தப்பாக எண்ணிக் கொடுத்தாள். சியா அதைப் பார்த்தும் பார்க்காதது போல உள்ளே நடந்தாள்.

அடுப்படியில் வெக்கை முகத்தில் அடித்தது. கவுதென்சியோ நீளக் கரண்டியால் தட்டுகளை வெளியே இழுத்துக்கொண்டிருந்தான். ஆறடி ஆள். வருஷா வருஷம் தேவாலய ஊர்வலத்தில் இயேசுவின் சிலையைத் தோளில் தூக்குபவன். அவனிடம் நோனோய் விளையாடவில்லை. சியாவே கேட்டாள்.

"முதல் சீட்டு உனக்குத்தானே கவுதென்சியோ, மார்ச் கடைசி வெள்ளி? என்ன போட்ட எல்லாருக்கும்?"

இவன் தயாராக இருந்தான். "பன்னி, அக்கா. முழுப் பன்னி. அடுப்புலயே சுட்டேன். தோல் மொறுமொறுன்னு இருந்துச்சு. அன்னைக்கே வெட்டி, அன்னைக்கே எல்லாரும் தின்னு தீர்த்தோம்."

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கே. வெள்ளிக்கிழமை சாயங்காலம். எலும்புகூட மிஞ்சல."

நோனோய்க்கு நாக்கில் எச்சில் ஊறியது. பரவாயில்லை, ஒருத்தனாவது மனுஷனாக நடந்திருக்கிறான், இவன் மேல் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வருத்தப்பட்டான். சியா தலையாட்டிவிட்டு நகர்ந்தாள்.

மூன்றாவது, சலுத். நிம்ஃபாவின் பெரியம்மா மகள். நிம்ஃபாவை இந்த வேலையில் சேர்த்துவிட்டவள், அவளோடு ஒரே அறையில் இருப்பவள், ஜெரலினுக்கு ஞானத்தாய். இடியாப்பத் தட்டு போன்ற மூங்கில் தட்டுகளில் மாவு உருண்டைகளை வைத்துக்கொண்டிருந்தாள்.

"மே மாசம் உன்னோடது" என்று சியா ஆரம்பித்ததுமே அவள் கையிலிருந்த உருண்டை தரையில் விழுந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"நான் இன்னும் ஒண்ணும் கேக்கலையே. என்ன விருந்து வச்சன்னுதான்."

சலுத் குனிந்து உருண்டையை எடுத்தாள். எடுத்தவள் நிமிரவில்லை. "வைக்கல" என்றாள் தரையைப் பார்த்து. அதோடு அழ ஆரம்பித்தாள். சத்தமே வராத அழுகை. பக்கத்து மேஜையில் இன்னொரு ஞானஸ்நானக் கேக்குக்கு நீலப் பூ வைத்துக்கொண்டிருந்த நிம்ஃபா ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தாள்.

"எதுக்கு இவளைப் போட்டுக் குடைறீங்க? இவ எடுத்திருக்க மாட்டா. நான் சத்தியம் பண்றேன்" என்றாள் நிம்ஃபா.

சியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வை நோனோய்க்குப் பழக்கம். விடை கிடைத்துவிட்டது, கிடைத்த விடை அவளுக்குப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

பின்வாசல் சந்தில், மைதா மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்று சியா முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

"சொல்லு, என்ன கண்டுபிடிச்ச?"

"கவுதென்சியோ நல்லவன். மத்த ரெண்டு பேரும் கஞ்சம். இதுல திருடன் யாருன்னு பன்னிகிட்டதான் கேக்கணும்."

"மார்ச் கடைசி வெள்ளி என்ன நாள்டா?"

நோனோய் வாயைத் திறந்தான். மூடினான். சிலுவை போட்டுக்கொண்டான். "பெரிய வெள்ளி."

"கறியே தொடக் கூடாத பெரிய வெள்ளியன்னைக்கு, சிலையைத் தோள்ல தூக்குறவன், இந்த ஊர்ல இருக்குற அத்தனை கத்தோலிக்கனையும் கூப்பிட்டு முழுப் பன்னி வெட்டிப் போட்டானாம். நடந்திருந்தா ஃபாதர் இந்தத் தெருவையே ஒதுக்கி வச்சிருப்பார். பொய் சொல்லத் தயாரா இருந்தானே தவிர, தேதியை நினைச்சுப் பாக்கல."

"ஏன் பொய் சொல்லணும்? நானும் விருந்து வைக்கலன்னு சொல்லிட்டுப் போறது."

"அதைச் சொல்ல முடியாதுல்ல. சீட்டு எடுத்தவன் விருந்து வைக்காம நம்மாளுங்க மத்தியில தலை நிமிந்து நடக்க முடியுமா? கடன் வாங்கியாவது ஒரு தட்டு நூடுல்ஸ் வைப்பான். ஒருத்தர் விட்டா கஞ்சம்னு சொல்லலாம். மூணு பேரும் விட்டிருக்காங்க. அப்போ?"

நோனோய் மெதுவாகச் சொன்னான். "மூணு பேர் கைக்கும் பணம் வரல."

"வரல. அதனால நாலாவது உறையும் கிடையாது. காணாமப் போறதுக்கு முதல்ல ஒண்ணு இருக்கணும்."

"அப்போ கட்டின பணமெல்லாம்?"

"நாலு பேருக்கும் பொதுவா என்ன இருக்கு, சொல்லு."

அவன் யோசிக்கத் தேவைப்படவில்லை. நாலு பேரும் அர்துரோவின் பொறுப்பில் அட்டைக்கு நிற்பவர்கள். நாலு பேருக்கும் ஒரே வக்கீல்.

சியா சுருக்கமாகச் சொன்னாள். உள்ளூரில் இந்த வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறை ஒரு சான்றிதழ் கொடுக்கும். அட்டைக்குப் போகும் வழியில் அதுதான் முதல் படி. அதற்கான வக்கீல் ஃபீஸ், பேப்பர் விளம்பரம் எல்லாமே முதலாளி தன் கைக்காசில் செய்ய வேண்டும். வேலையாளிடம் ஒரு காசு வாங்கக் கூடாது. சம்பளத்தில் பிடித்தால் சம்பளச் சீட்டில் தெரியும், பேங்க் வழியாக வாங்கினால் பேங்கில் தெரியும். சீட்டு என்ற பேரில் வாங்கினால் யாருக்கும் தெரியாது. நம் ஆட்களில் சீட்டுப் போடாதவர் யார்?

"மூளைக்காரன்தான்" என்றான் நோனோய். சொன்ன வாய் கசந்தது.

ஞானஸ்நான விருந்திலிருந்து திரும்பிய அர்துரோ மாடியில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். சியா கேட்டுக்கொண்டதால் நிம்ஃபாவும் வந்து நின்றாள். கூப்பிடாமலே சலுத்தும் வந்து கதவோரம் நின்றாள்.

சியா விருந்துக் கதையைச் சொல்லி முடித்தாள். பன்னி வந்த இடத்தில் அர்துரோ கண்ணை மூடிக்கொண்டான்.

"கவுதென்சியோவை நான் எதுவும் பேசாதன்னுதான் சொன்னேன்" என்றான்.

"நிம்ஃபாகிட்டயும் எதுவும் சொல்லலையே. அவ நிஜச் சீட்டுன்னு நம்பிக் கையை நீட்டினா. நீ பயந்துட்ட. மிரட்டுறாளோ, எங்கயாவது போய்ச் சொல்லிடுவாளோன்னு. அவசரத்துல வாயில வந்தது திருட்டு."

"அவளுக்குத் தெரியும்னு நினைச்சேன்" அர்துரோ கதவைப் பார்த்தான். "சலுத்கிட்ட சொல்லச் சொல்லியிருந்தேன்."

நிம்ஃபா திரும்பினாள்.

"சொல்ல வாய் வரல" என்றாள் சலுத். "நான்தான உன்னை இங்க கூட்டிட்டு வந்தேன். இங்க எல்லாத்தையும் முதலாளியே பாத்துக்குவார்னு உங்க அம்மாகிட்ட பெருமை பேசினேன். சீட்டுல சேருன்னு மட்டும் சொல்லிட்டேன். அப்புறம் திருட்டுன்னதும்... எனக்கு அடுத்த மாசம் அட்டைக்கு நேர்காணல், நிம்ஃபா. வாயைத் திறந்தா என்னோடதும் போயிடும்னு சொன்னார்."

"உனக்குத் தெரியும்" என்றாள் நிம்ஃபா. "மூணு பேருக்கும் தெரியும். நான் ராத்திரியெல்லாம் அழுதப்போ பக்கத்துக் கட்டில்லதான படுத்திருந்த."

நோனோய்க்கு யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. யாரை என்று தெரியாததுதான் அந்த அறையின் கொடுமை.

அர்துரோ எழுந்தான். குரலில் இப்போது பயம் குறைந்திருந்தது. "நான் ஒண்ணும் அரக்கன் இல்ல, அக்கா. மைதா விலை தெரியுமா உங்களுக்கு? நாலு பேருக்கு வக்கீல் ஃபீஸ் எங்கருந்து வரும்? இவங்கதான் வந்து கால்ல விழுந்தாங்க. செலவை நாங்க பாத்துக்கறோம், கையெழுத்து மட்டும் போடுங்க அண்ணேன்னாங்க. நானும் ஒரு காலத்துல அப்படிக் கட்டித்தான் வந்தேன். இப்போ நீங்க என்ன பண்ணப் போறீங்க? புகார் கொடுக்கணுமா? கொடுங்க. எனக்கு அபராதம், கொஞ்ச வருஷம் ஆள் எடுக்கத் தடை. கடை இருக்கும். இவங்களுக்கு? சான்றிதழ் ரத்து. நாலு பேருக்கும். இவ மகளுக்கும் சேர்த்து."

அவன் கடைசியாகச் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. இத்தனை வருஷத் தொழிலில் உண்மையைக் கண்டுபிடித்த பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சியா நின்றதை நோனோய் முதல் தடவையாகப் பார்த்தான். நிம்ஃபாவின் பக்கம் திரும்பி, "எனக்கு வழி தெரியலம்மா" என்று சொல்லியேவிட்டாள்.

நிம்ஃபா ஏப்ரனில் ஒட்டியிருந்த நீலச் சர்க்கரையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இன்னைக்கு விருந்துல என் கதையைச் சொன்னீங்களா?"

அர்துரோ தயங்கினான். "கேட்டாங்க. சொன்னேன்."

"ஃபாதருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நல்லது. யாரும் எங்கயும் புகார் கொடுக்க வேண்டாம். நான்தான் எடுத்தேன்."

"நிம்ஃபா" என்றாள் சியா.

"இருங்க அக்கா. திங்கட்கிழமை எதுக்கு, இப்பவே கீழ வந்து எல்லார் முன்னாலயும் சொல்றேன். மன்னிப்பும் கேக்கறேன். ஆனா அண்ணே, திருட்டு நடந்த சீட்டை யாராவது நடத்துவாங்களா?"

அர்துரோவுக்கு உடனே புரியவில்லை. நோனோய்க்குப் புரிந்தது.

"நம்மூர்ல எங்கயாவது நடந்திருக்கா? களவு விழுந்த அன்னைக்கே சீட்டை உடைச்சிடுவாங்க. மறுபடி கட்டச் சொன்னா, கட்டுறவங்களைப் பைத்தியம்னுவாங்க. நடத்துறவரைச் சந்தேகப்படுவாங்க. நீங்களே ஊர் முழுக்கச் சொல்லிட்டீங்க. அடுத்த வெள்ளி லுடிவினா உங்ககிட்ட உறையைக் கொடுக்கறதை ஒரு ஆள் பாத்தாலும், திருட்டுக் கதை என்ன ஆச்சுன்னு ஃபாதரே வந்து கேப்பார். அதனால சீட்டு இன்னையோட சரி. இனிமே யார் சம்பளமும் உங்க மேஜைக்கு வராது. மிச்ச வக்கீல் செலவு உங்களோடது."

"வக்கீலுக்கு இன்னும் ரெண்டு தவணை பாக்கி இருக்கு" என்றான் அர்துரோ. பாதி தனக்குத்தானே சொல்லிக்கொண்டது போல இருந்தது.

"தெரியும். அதுக்குத்தான் என் பேரைக் கொடுக்கறேன். வக்கீல் ஃபீஸுக்கு ஈடா வச்சுக்குங்க. ஆனா என் பேப்பர்ல கை வச்சீங்கன்னா, நான் திருடலன்னு சொல்ல வாயைத் திறப்பேன். அப்புறம் எல்லாரும் சேர்ந்தே போவோம். என் பொண்ணு வர முடியாதுன்னு ஆனப்புறம் எனக்கு இங்க என்ன இருக்கு?"

அர்துரோ ஜன்னலைப் பார்த்தான், சியாவைப் பார்த்தான், நிம்ஃபாவைப் பார்க்கவில்லை. தான் சொன்ன பொய்யே தன் கழுத்தில் கயிறாக விழுந்ததை அவன் மெள்ள உணர்ந்தான்.

"சரி" என்றான்.

கீழே அவள் சொன்னாள். அடுப்படியில், கரண்டியைப் பிடித்தபடி நின்ற கவுதென்சியோ முன்னாலும், கல்லாவிலிருந்து எட்டிப்பார்த்த லுடிவினா முன்னாலும், வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படியும். எடுத்தது நான்தான், மன்னிச்சிடுங்க. குரல் நடுங்கவில்லை. கவுதென்சியோதான் கரண்டியை வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வாசல் வரை அவள் வழியனுப்ப வந்தாள். கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நோனோய் ஏதாவது சொல்லத் தேடினான். எப்போதும் நாக்கு நுனியில் நிற்கும் கிண்டல் ஒன்றுகூட அங்கே இல்லை.

"உங்க ஃபீஸ் அக்கா" என்றாள் நிம்ஃபா.

"வேண்டாம். நீ கேட்டதை நான் செய்யலையே. பழியைத் துடைக்கத்தான கூப்பிட்ட."

"அப்போ ஒண்ணு செய்ங்க. ஜெரலின் வந்து இறங்கினதும், இந்த ஊர்ல யாராவது ஒருத்தர் அவகிட்டச் சொல்லத்தான் செய்வாங்க. உங்க அம்மா சீட்டுப் பணத்தைத் திருடினவன்னு. நான் இல்லன்னு சொன்னா நம்ப மாட்டா. எந்த அம்மாதான் ஆமான்னு சொல்லுவா? அன்னைக்கு நீங்க வந்து சொல்லணும்."

"வர்றேன்" என்றாள் சியா. காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நீங்களும் தம்பி."

நோனோய் தலையாட்டினான்.

கேக்குக்கு இன்னும் பூ வைத்து முடியவில்லை என்று நிம்ஃபா உள்ளே திரும்பினாள். வரிசை அவளுக்கு வழிவிட்டது. தேவைக்கு அதிகமாகவே வழிவிட்டது. அவள் கல்லாவைத் தாண்டிப் போகும்போது, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால், லுடிவினா பணப்பெட்டியை இழுத்துப் பூட்டினாள்.